பிட்லிக் சாமியாரின் கையெழுத்து

உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகிறவன்
பச்சை அட்டை போட்ட புத்தகம் ஒன்றைச்
சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.
ஞாயிறு பூசைக்கு ஒரு கட்டம்,
முதல் வெள்ளிக்கு ஒரு கட்டம்,
திருவருகைக் காலத்தில்
விடியுமுன் கைவிளக்கோடு போகிற பூசைக்குப் பத்துக் கட்டம்.
எல்லாவற்றிலும் பிட்லிக் சாமியார் கையெழுத்திடுவார்.
தூய ஆவி விரும்பிய திசையில் வீசும் என்று படித்தோம்.
எங்கள் பங்கில் கட்டம் கட்டமாக வீசியது.

சிலேசியாவில் டிசம்பர் மாதத்துக் காலை ஆறு மணி
நள்ளிரவின் வால்.
நிலக்கரிப் புகை மாடிப்படிவரை இறங்கி நிற்கும்.
சுரங்கத்திலிருந்து வந்த அப்பா
காலணி கழற்றுகிற சத்தம் கேட்கும்.
போர்வையை இன்னும் மேலே இழுப்பேன்.
எட்டு நாள் போனேன்.
இரண்டு நாள் போகவில்லை.
காரணம் ஒன்றுமில்லை, தூக்கம்.

அந்த இரண்டு கட்டங்களும்
பல் விழுந்த குழி நாக்கை இழுப்பதுபோல் இழுத்தன.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழகினேன்:
கால் நீண்ட ஒரு பி,
பனியில் சறுக்குவண்டி போன தடம்,
தடத்தின் மேல் எதற்கென்று தெரியாத ஒரு புள்ளி.
நாற்பது தடவை. நாற்பத்தொன்றாவது
அவருடையதைவிட அவருடையதாக இருந்தது.
லெஷெக் பார்த்துவிட்டு, "எனக்கும் மூணு போடு" என்றான்.
போட்டேன். ஒரு சாக்லேட் வாங்கிக்கொண்டேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல். ஆயர் வர ஒன்பது நாள்.
புதுப்பெயர் ஃப்ளோரியன்.
காரணம் கேட்ட இடத்தில் "அவருடைய துணிவு" என்று எழுதினேன்.
உண்மையில், தீயணைப்பு நிலையச் சுவரில்
கையில் வாளியோடு நிற்கிறார்.
வாளி பிடித்த புனிதரிடம் பேசலாம்போல் இருந்தது.
மாமாவிடம் கடன் வாங்கிய கோட்டில்
தோள் இரண்டும் வேறு யாருக்கோ காத்திருந்தன.
ஏழு கொடைகளை ஒப்பித்தால் ஆறுதான் வரும்,
விடுபடுவது ஒவ்வொரு முறையும் வேறொன்று.

கடைசியில் பாவசங்கீர்த்தனம்.
காது மந்தமான பங்குத்தந்தையின் வரிசையில்தான் நின்றேன்.
பாதியில் இருமிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.
மிச்சம் இருந்தது ஒரே தொட்டி.

கம்பிவலைக்கு அப்பால் ஒரு காது.
பொய், கோபம், சொல்லக் கூசுகிற அந்த ஒன்று,
பிறகு, "ஒருத்தர் கையெழுத்தைப் போட்டேன்."
"யாரோடது?"
ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.
"உங்களோடது."

காது நகரவில்லை.
உண்டியலில் யாரோ காசு போட்டு மெழுகுதிரி எடுத்தார்கள்.
"எத்தனை?"
"அஞ்சு."
"புள்ளி வச்சியா?"
"வச்சேன்."
"நான் எப்பவும் வைக்கிறதில்ல" என்றார்.
மூன்று அருள் நிறைந்த மரியே.
மன்னிப்பின் சொற்கள். பலகை மூடிக்கொண்டது.

மறுநாள் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும்.
மேசைக்குப் பின்னால் அவர், கையில் முத்திரை.
தொட்டியில் கேட்டதைக் கழுத்தில் கத்தி வைத்தாலும்
வெளியே அறியாதவராகத்தான் இருக்க வேண்டும்.
ஆகவே நான் நீட்டினால் குத்தியே தீரவேண்டும்.

லெஷெக் நீட்டினான்.
பெருவிரல் ஒரு கட்டத்தின்மேல் நின்றதா,
நானாக நினைத்துக்கொண்டேனா?
குத்தினார். "அடுத்து."

அவர் முகத்தில் நேற்று என்று ஒன்று இல்லவே இல்லை.
திட்டியிருந்தால் நீட்டியிருப்பேன்.
அவருடைய பேனாவையே எடுத்து
இரண்டு கட்டங்களின் குறுக்கே கோடு போட்டேன்.
கோணலாகப் போனது.
"இது ரெண்டும் நான் வரல, சாமி."

முதல்முறை கேட்பவர்போல் புருவம் உயர்ந்தது.
"பத்துக்கு எட்டா?"
"எட்டு."
மையில் ஒற்றிய முத்திரை வெகுநேரம் அந்தரத்தில் நின்றது.
"நாளைக்கும் மறுநாளும் ஆறு மணிப் பூசைக்கு
உதவி செய்ய ஆளில்ல" என்றார்.

ஏப்ரலில் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது.
வாசலில் எதிர்ப்பட்ட அப்பா,
இமையோரம் கரியோடு,
என் கையைப் பார்த்தார்.
"பகல்ல எதுக்குடா விளக்கு?"
தெரியவில்லை. கொண்டுபோனேன்.